கடல் நடுவே ஒரு மானாவாரி தேசம்

2014 டிசம்பர் 4ஆம் தேதி மாலத்தீவின் தலைநகரான மாலேயில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடியிருக்கும் ஊர். எல்லாருக்கும் தண்ணீர் அந்த ஒரே ஆலையிலிருந்துதான். குழாய்கள் வறண்டன. கடைகளில் பாட்டில் தண்ணீருக்குத் தள்ளுமுள்ளு ஏற்பட்டது. மாலே அரசு தில்லியைக் கூப்பிட்டது. மறுநாளே இந்திய விமானப்படையின் விமானங்கள் தண்ணீரோடு இறங்கின. கடற்படையின் 'சுகன்யா' கப்பல் தண்ணீரையும், கடல்நீரைச் சுத்திகரிக்கும் கருவியையும் கொண்டுபோய் நிறுத்தியது. பின்னாலேயே 'தீபக்' போனது.

நாலாபுறமும் கடல், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. இந்தச் செய்தியைப் படித்த எத்தனையோ பேர் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். கயத்தாறு, கடம்பூர், கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு அதில் ஆச்சரியம் இருந்திருக்காது. கோவில்பட்டி நகரமே சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக வரும் தாமிரபரணித் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. தண்ணீர் வரும் நாளைக் கணக்கு வைத்துக் குடங்களை வரிசையில் வைத்து வளர்ந்தவர்கள் நாம். தண்ணீர் எங்கிருந்தோ வரவேண்டும், வரும் வழி அடைபட்டால் வாழ்க்கை நின்றுபோகும் என்பதைக் கரிசக்காட்டுக்காரனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாலத்தீவைப் பற்றித் தமிழில் வருகிற செய்திகளில் இரண்டே விஷயங்கள்தான் இருக்கின்றன. ஒன்று, தேனிலவுப் படங்கள். மற்றது, இந்தியாவா சீனாவா என்ற இழுபறி. அங்கே ஐந்து லட்சம் பேர் சோறு பொங்குகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள் என்பது இரண்டிலுமே தெரிவதில்லை. கயத்தாற்றிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே சுமார் 600 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து கடல்வழியே மாலே 700 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஒரு தேசத்தை நாம் படத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் அந்த நிலம். நிலம் என்று சொல்வதற்கே தயக்கமாக இருக்கும் அளவுக்குச் சிறியது. சுமார் 1,190 தீவுகள். எல்லாவற்றையும் ஒட்டவைத்தால் 300 சதுர கிலோமீட்டர். இன்றைய சென்னை மாநகராட்சியின் பரப்பைவிடக் குறைவு. ஆனால் இவை வடக்கிலிருந்து தெற்கே 800 கிலோமீட்டருக்கு மேல் நீளமாகச் சிதறிக் கிடக்கின்றன. தெற்கு முனையில் உள்ள அட்டு, நிலநடுக்கோட்டையும் தாண்டிப் போய்விடுகிறது. அந்த நாட்டுக்கு உரிமையான கடற்பரப்பு ஏறக்குறைய ஒன்பது லட்சம் சதுர கிலோமீட்டர். மலை இல்லை, ஆறு இல்லை, ஓடை இல்லை. இயற்கையாக அமைந்த மிக உயர்ந்த இடம் இரண்டரை மீட்டரைத் தொடாது. கூளம் ஏற்றிய மாட்டுவண்டி அதைவிட உயரமாக இருக்கும். நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது.

இந்தத் தீவுகள் உண்டான கதை நெடியது. கடலுக்கடியில் எழுந்த எரிமலைகள் மெல்ல மெல்லத் தாழ்ந்தன. அவற்றின் விளிம்பில் பவளப்பூச்சிகள் கூடு கட்டின. மலை தாழத் தாழப் பவளம் மேலே வளர்ந்தது. மலை முழுக்க மறைந்தபின் எஞ்சியது வட்டமான பவளத்திட்டும் அதன் நடுவில் ஆழம் குறைந்த காயலும். 1842இல் சார்லஸ் டார்வின் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எழுதினார்; பின்னாளில் பவளத்திட்டுகளில் துளைபோட்டுப் பார்த்தபோது அடியில் எரிமலைப் பாறை அகப்பட்டது. அந்தத் திட்டின்மேல் அலை கொண்டுவந்து சேர்த்த பவளமணல்தான் தீவு. உயிர்கள் கட்டிய நிலம் அது.

அந்த மண்ணும் கரிசலும் நேரெதிர். கரிசல் ஈரத்தை விடாது. ஐப்பசி மழையில் குடித்த தண்ணீரைப் பிடித்துவைத்து, தை வரைக்கும் உளுந்துக்கும் பாசிக்கும் கொடுக்கும். பவளமணல் மழை விழுந்ததும் கீழே விட்டுவிடும். கீழே போன நல்ல தண்ணீர் எங்கே தங்குகிறது என்பதுதான் அதிசயம். நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட எடை குறைந்தது. ஆகவே தீவின் அடியில் ஊறிநிற்கும் கடல்நீரின் மேல், கலந்துவிடாமல் ஒரு மெல்லிய படலமாக அது மிதக்கிறது. இரண்டு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக அதைத்தான் குடித்தார்கள். ஆனால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஆழ்துளைக் கிணறு வருஷத்துக்கு வருஷம் உவர்த்துப்போவதைப் பார்த்த நம் சம்சாரிகளுக்கு இந்தக் கணக்கு புரியும். மாலேயில் கூட்டம் கூடக்கூட அந்தப் படலம் கெட்டுப்போய், 1980களின் கடைசியில் கடல்நீரைச் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி பல தீவுகளின் ஊற்றையும் உப்பாக்கிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டிகள் வந்தன. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. கோவில்பட்டி வட்டாரத்தைப்போல இரண்டு பங்குக்கும் மேல். ஆனால் தை பிறந்து மழை ஓய்ந்தால் சின்னத் தீவுகளில் தொட்டி காலியாகும். அப்போது அரசாங்கம் படகில் தண்ணீர் அனுப்பும். நம் ஊரில் கோடையில் தண்ணீர் லாரி வருகிறதே, அதே வேலைதான். அங்கே லாரிக்குப் பதில் படகு.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்திருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் தென்னையும் சூரை மீனும் சோழியும். சூரையை அவர்கள் வலைபோட்டுப் பிடிப்பதில்லை. உயிருள்ள சிறுமீன்களை இரையாக வீசி, தண்ணீரைப் பூவாகத் தெளித்து, கூட்டமாக மேலே வரும் சூரையை ஒவ்வொன்றாகத் தூண்டிலில் தூக்கிப் படகில் போடுகிறார்கள். பிடித்ததை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்தால் கட்டைபோல் இறுகிய மாசி. இலங்கைச் சமையலுக்கு அது உயிர். தூத்துக்குடிக் கடைகளிலும் மாசி கிடைக்கும். பொடித்துச் சம்பலில் போட்டால் அதன் ருசிக்கு ஈடு கிடையாது.

சோழியின் கதை அதைவிடப் பெரிது. பல்லாங்குழியில் நம் பாட்டிகள் உருட்டிய அந்தச் சின்ன வெள்ளைச் சோழி மாலத்தீவுக் காயல்களில் கோடிக்கணக்கில் விளைந்தது. ஓலைகளைக் கடலில் மிதக்கவிட்டு, ஒட்டிக்கொண்ட சோழிகளை உதறி எடுத்தார்கள். கப்பல் கப்பலாக வங்காளத்துக்குப் போய் அங்கே அது காசாகப் புழங்கியது. பதிலுக்கு அரிசி வந்தது. பிறகு ஐரோப்பியக் கம்பெனிகள் அதே சோழியை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், அதைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கின. தன் கடலில் பொறுக்கியெடுத்த சிப்பி எங்கே போய் என்ன வேலை செய்கிறது என்று அந்த மீனவப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தமிழர்கள் அந்தத் தீவுகளை அறிந்திருந்தார்கள். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி, கடல் நடுவே பன்னீராயிரம் பழந்தீவுகளை அவன் கைக்கொண்டதாகக் கணக்குச் சொல்கிறது. அப்போது அங்கே பௌத்தம் இருந்தது. 1153இல் மன்னர் இசுலாத்தைத் தழுவினார், நாடும் தழுவியது. 14ஆம் நூற்றாண்டில் இபன் பதூதா அங்கே போய் காஜியாக உட்கார்ந்தபோது ஆட்சியில் இருந்தவர் கதீஜா என்ற பெண். பெண்கள் மேலாடை போடவேண்டும் என்று தான் இட்ட உத்தரவை யாரும் மதிக்கவில்லை என்று பதூதாவே எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்து இலங்கை வழியாக அவர் வந்து சேர்ந்த இடம் மதுரை. அங்கே ஆண்ட சுல்தான் கியாசுதீன் தாம்கானி அவருடைய உறவுக்காரர். அந்தக் காலத்துப் பயணிக்கு மாலேயும் மதுரையும் ஒரே பயணத்தின் அடுத்தடுத்த நிறுத்தங்கள்.

போர்த்துக்கீசியர் 1558இல் மாலேயைப் பிடித்தனர். பதினைந்து வருஷம் கழித்து முகம்மது தகுருஃபானு என்ற தீவுக்காரர் இரவு இரவாகப் படகில் வந்து தாக்கி அவர்களை ஒழித்துக்கட்டினார். அவர்தான் இன்றைக்கும் அந்த நாட்டின் மாவீரர். வெள்ளையர் வந்தபோது கதை வேறு மாதிரி ஆனது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஆங்கிலேயன், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801இல் மண்ணோடு மண்ணாக்கினான். பாளையங்கள் ஒழிந்தன. மாலத்தீவு சுல்தானோடு 1887இல் ஒப்பந்தம் மட்டும் போட்டான். வெளிவிவகாரம் அவனுக்கு, உள்ளாட்சி சுல்தானுக்கு. கரிசலில் வரி இருந்தது, பருத்தி இருந்தது, படை நடக்கப் பாதை இருந்தது. அங்கே பவளமணலும் மீனும்தான். இப்படி, ஏழ்மையே அவர்களுடைய அரசைக் காப்பாற்றிக் கொடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1965 ஜூலை 26 அன்று முழு விடுதலை. 1968 நவம்பர் 11 அன்று குடியரசு. இதற்கிடையில் 1959இல் தெற்குத் தீவுகள் மூன்று திட்டுகளாகச் சேர்ந்து, அப்துல்லா அஃபீஃப் தலைமையில் சுவாதீவ் குடியரசு என்று தனியே பிரிந்ததும், 1963இல் அடக்கப்பட்டதும் நடந்தன. மாலேயில் இருந்துகொண்டு எங்களை ஆள்கிறார்கள், எங்களுக்கு ஒன்றும் வருவதில்லை என்ற ஆத்திரம்தான் அதன் வேர். நாடு சின்னதாக இருந்தால் தலைநகருக்கும் கடைக்கோடிக்கும் தூரம் இருக்காது என்று நினைப்பது தவறு.

குடியரசான பிறகு 40 வருஷத்தில் இரண்டே குடியரசுத் தலைவர்கள்: இப்ராகிம் நசீர், அடுத்து 1978 முதல் 2008 வரை மவுமூன் அப்துல் கயூம். 2008இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. அந்த வருஷமே பல கட்சிகள் போட்டியிட்ட முதல் தேர்தலில் கயூமை முகமது நஷீத் தோற்கடித்தார். அதற்குப் பிறகு பதவியில் இருந்த எவரும் மறுதேர்தலில் ஜெயிக்கவில்லை. நஷீத் 2012இல் காவல்துறைக் கலகத்தின் நடுவே விலகினார். பின்னர் பதவிக்கு வந்த யாமீன் 2018இல் அவசரநிலை போட்டு உச்சநீதிமன்ற நீதிபதிகளையே கைது செய்தார். அதே வருஷம் மக்கள் அவரை ஓட்டால் இறக்கினார்கள். சோலிஹ் வந்தார், போனார். 2023 நவம்பரில் முகமது முய்சு பதவியேற்றார். நீதிபதிகளைச் சிறையில் தள்ளிய ஒருவரை எட்டே மாதத்தில் ஓட்டுப்பெட்டியால் வீட்டுக்கு அனுப்பிய அந்த மக்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐந்து வருஷம், அதிகபட்சம் இரண்டு முறை. நாடாளுமன்றத்துக்கு மஜ்லிஸ் என்று பெயர். 2024 தேர்தலில் அதற்கு 93 இடங்கள். நாட்டின் குடிமக்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு. தூத்துக்குடி மாவட்டத்தில் 2011 கணக்குப்படி பதினேழரை லட்சம் பேர். சட்டமன்ற உறுப்பினர்கள் ஆறு பேர். அங்கே நாலாயிரம் பேருக்கு ஒரு உறுப்பினர் என்றால், வீட்டு வாசலில் நின்று அவரைக் கேள்வி கேட்கலாம். கேட்கவும் செய்கிறார்கள். தீவுக்குத் தீவு மன்றம் உண்டு. 2011இல் முதல் தேர்தல் நடந்தது, இப்போது மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு.

ஆனால் 500 பேர் இருக்கும் தீவுக்கும் பள்ளி வேண்டும், மருத்துவர் வேண்டும், மின்சார எந்திரம் வேண்டும், படகுத்துறை வேண்டும். அதுவும் ஏறக்குறைய 190 தீவுகளுக்கு. அந்த அரசாங்கத்தின் உண்மையான வேலை இதுதான்: கொண்டுபோய்ச் சேர்ப்பது. சேர்க்க முடியாமல் போகும்போது ஜனங்கள் மாலேயை நோக்கிக் கிளம்புகிறார்கள். இன்று மாலேயிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் நாட்டு மக்களில் ஐந்தில் இருவர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். கடலைத் தூர்த்து உண்டாக்கிய ஹுல்ஹுமாலேயில் அடுக்குமாடிகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. மானாவாரி பொய்த்த கிராமங்களிலிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் குடும்பங்கள் போனதைக் கண்டவர்களுக்கு அந்தப் பயணத்தின் காரணம் தெரியும்.

1972இல் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. 2024இல் இருபது லட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள். விடுதிக்குத் தனித்தீவு, ஊருக்குத் தனித்தீவு என்று பிரித்தே வைத்தார்கள். விடுதித் தீவில் மது உண்டு. ஊர்த் தீவில் கிடையாது. பணம் வந்தது. அதோடு வேலைக்கு ஆளும் வரவேண்டியிருந்தது. 2022 மக்கள்தொகைக் கணக்கில் 5.15 லட்சம் பேர், அதில் 1.32 லட்சம் பேர் வெளிநாட்டினர். வங்கதேசத்தவர் அதிகம், அடுத்து இந்தியர். கட்டடம் கட்டுவதிலிருந்து கணக்கு எழுதுவது வரை அவர்கள்தான்.

அவர்களில் நம் தென்மாவட்டத்து ஆசிரியர்களும் செவிலியர்களும் உண்டு. பி.எட். முடித்து இங்கே தனியார் பள்ளியின் சொற்பச் சம்பளத்தில் தவித்தவர்களுக்கு அந்தத் தீவுப் பள்ளிகள் கடனை அடைக்க, வீடு கட்ட, தங்கையைக் கட்டிக்கொடுக்க வழி செய்தன. இருநூறு முந்நூறு குடும்பங்கள் இருக்கும் தீவில், கடல் தவிர வேறு எதுவும் இல்லாத மாலைப் பொழுதுகளில், கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து வருஷங்களைக் கழித்தவர்கள் அவர்கள். முசுலிம் அல்லாதவர் அங்கே குடிமகனாக முடியாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது; மற்ற மதத்தினர் பொது இடத்தில் வழிபாடு நடத்த முடியாது. எத்தனை வருஷம் உழைத்தாலும் விருந்தாளிதான். இந்தச் சட்டம் எனக்கு உடன்பாடில்லை. அந்த நாட்டுப் பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர்கள் இதைவிட நல்ல இடத்துக்குத் தகுதியானவர்கள்.

தமிழர் பெயர் அங்கே கெட்டுப்போன ஒரு நாளும் உண்டு. 1988 நவம்பர் 3 விடியற்காலையில், இலங்கையிலிருந்து படகுகளில் வந்த சுமார் 80 ஆயுதக்காரர்கள் மாலேயில் இறங்கினார்கள். உமா மகேஸ்வரனின் புளொட் இயக்கத்தவர்கள். அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவு வியாபாரிக்காகக் கயூமின் ஆட்சியைக் கவிழ்க்க வந்தார்கள். கயூம் வீடு வீடாக ஒளிந்துகொண்டு உலகத்தை உதவிக்குக் கூப்பிட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து பறந்த இந்திய வீரர்கள் ஹுல்ஹுலே விமானதளத்தில் இறங்கினார்கள். பிணையாட்களோடு கப்பலில் தப்பியவர்களை இந்தியக் கடற்படையின் 'கோதாவரி' கடலில் மடக்கியது. மொத்தம் 19 பேர் செத்தார்கள். ஓர் இனத்தின் உரிமைக்காகத் தூக்கிய துப்பாக்கி, சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன ஊரின் தெருவில் கூலிக்கு வெடித்த நாள் அது. தமிழ்நாட்டில் இதைப்பற்றி நாம் பேசுவதே இல்லை. பேச வேண்டும்.

இன்றைக்கு நமக்கும் அவர்களுக்கும் இடையே ஓடுவது சரக்குதான். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் கட்டி நிற்கும் மரத் தோணிகள் வெங்காயம், காய்கறி, முட்டை, செங்கல், ஓடு, சிமெண்ட் என்று ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போகின்றன. வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று அடங்கும்வரை கடல் பொல்லாதது. அந்த மாதங்களில் ஓட்டம் கிடையாது. 2020 செப்டம்பர் 21 அன்று தூத்துக்குடி, கொச்சி, குல்ஹுதுஃபுஷி, மாலே என்று ஒரு சரக்குக் கப்பல் சேவை தொடங்கிவைக்கப்பட்டது. அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை ஆகியவற்றை இந்தியா ஏற்றுமதித் தடை போட்ட வருஷங்களிலும் மாலத்தீவுக்கு மட்டும் ஒதுக்கீடு கொடுத்து அனுப்புகிறது. இது 1981 ஒப்பந்தத்தின் தொடர்ச்சி. 2024 ஜனவரியில் அந்த நாட்டின் துணை அமைச்சர்கள் மூவர் நம் பிரதமரைப் பற்றி மோசமாக எழுதி இடைநீக்கம் செய்யப்பட்டனர். அங்கே நிறுத்தப்பட்டிருந்த இந்திய வீரர்கள் வெளியேற வேண்டும் என்று முய்சு கெடு வைத்தார். மே மாதம் வெளியேறினார்கள். அந்தச் சண்டையின் நடுவே, ஏப்ரலில், தில்லி அந்த ஒதுக்கீட்டைக் கூட்டித்தான் கொடுத்தது. அது சரியான காரியம். அடுப்பை வைத்து அரசியல் செய்யக்கூடாது. 2025 ஜூலையில் அந்நாட்டின் அறுபதாவது விடுதலை விழாவுக்குப் பிரதமர் மோடி போய் நின்றதும், 4,850 கோடி ரூபாய் கடனுதவி அறிவித்ததும் அதன் பிறகு நடந்தவை.

மீனவர் பாடு வேறு. 2023 அக்டோபரில் தருவைக்குளத்திலிருந்து போன விசைப்படகு ஒன்றை எல்லை தாண்டியதாக மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்தது. படகில் இருந்த 12 பேரும் ஊர் திரும்பினார்கள். படகுக்கு விதித்த அபராதம் நம் பணத்தில் இரண்டு கோடிக்கு மேல். தருவைக்குளத்துக் குடும்பத்துக்கு அது ஏழு தலைமுறைக் கடன். ஒற்றைத் தூண்டிலில் மீன் பிடித்துத் தன் கடலைக் காத்துவரும் நாட்டுக்கு வெளிப்படகைக் கண்டால் வரும் கோபம் நியாயம்தான். நம் ஆட்கள் அத்தனை தூரம் போவதற்கும் காரணம் இருக்கிறது. பக்கத்துக் கடலில் மீன் குறைந்துவிட்டது. இரு அரசுகளும் உட்கார்ந்து பேசினால் தீராத வழக்கல்ல.

ஒதுக்கீட்டுப் பட்டியலில் இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு: ஆற்றுமணலும் கட்டுமான ஜல்லியும். 2024-25க்கு ஒவ்வொன்றும் பத்து லட்சம் டன். இங்கேதான் எனக்கு மனசு இரண்டாகப் பிரிகிறது. அவர்களுக்குக் கல் இல்லை. பவளத்தை உடைத்துக் கட்டினால் அலையைத் தடுக்கும் அரண் போய்விடும். 1987இல் பேரலை மாலேக்குள் புகுந்தபிறகு ஜப்பான் உதவியோடு கட்டிய கடற்சுவர்தான் 2004 சுனாமியில் அந்த நகரத்தைக் காப்பாற்றியது. அப்போதும் நாடு முழுக்கச் சுமார் நூறு பேர் இறந்தார்கள், கந்தொல்ஹுது என்ற தீவு மொத்தமாகக் காலியானது. ஆகவே கல்லும் மணலும் அவர்களுக்கு உயிர்ப்பொருள். ஆனால் நம் ஆறுகள் சுரண்டப்பட்டவை. 2010இல் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயா தொடுத்த வழக்கில்தான் தாமிரபரணியில் மணல் அள்ள உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. கோவில்பட்டி குடிக்கும் ஆறு அது. அண்டை வீட்டுக்குக் கொடுப்பது வேண்டும். எந்த ஆற்றிலிருந்து, யார் கணக்கில், எவ்வளவு என்பது மக்களுக்குத் தெரிந்த கணக்காக இருக்க வேண்டும்.

நஷீத் 2008இல் பதவிக்கு வந்த கையோடு, கடல் ஏறினால் ஜனங்களைக் குடியேற்ற இந்தியாவிலோ இலங்கையிலோ நிலம் வாங்கப் பணம் சேர்க்கப்போவதாகச் சொன்னார். அடுத்த வருஷம் அக்டோபரில் தன் அமைச்சரவையைக் கடலுக்கடியில் கூட்டி, காற்றுக் குழாயோடு கையெழுத்துப் போட்டு உலகத்துக்குக் காட்டினார். முய்சு கட்டடப் பொறியியல் படித்தவர். அவருடைய பேச்சு வேறு. வேறு எந்த நாட்டிலும் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ தேவையில்லை, கடலைத் தூர்த்து உயர்த்தி இங்கேயே இருப்போம் என்கிறார். தூர்க்க மணலைக் காயலிலிருந்தே உறிஞ்சுகிறார்கள். கலங்கிய சேறு படிந்து பவளம் மூச்சடைத்துச் சாகிறது என்று அட்டுவில் தீவுக்காரர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். தீவைக் கட்டியது பவளம். தீவைக் காப்பாற்றுவதற்காக அதைக் கொல்ல வேண்டுமா என்பதுதான் அங்கே தீவு மன்றங்களிலும் மஜ்லிஸிலும் நடக்கிற வாதம். 93 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் முய்சுவின் கட்சி. அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் 2028இல்.